கட்டற்ற சந்தை கேட்ட அரசின்மைவாதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாரைப் பற்றிப் பேசுகிறது?

அரசு வேண்டாம், ஆனால் சந்தை வேண்டும் என்று சொன்ன ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், பெரும்பாலும் பாஸ்டன் நகரைச் சார்ந்து இயங்கியவர்கள் அவர்கள். ஜோசையா வாரன் (1798–1874), லைசாண்டர் ஸ்பூனர் (1808–1887), பெஞ்சமின் டக்கர் (1854–1939) ஆகிய மூவரும் அதில் முக்கியமானவர்கள். வாரன் இசைக்கலைஞர், கருவிகள் செய்பவர். ஸ்பூனர் வழக்கறிஞர். டக்கர் பத்திரிகையாளர். பிரான்சின் அரசின்மைவாதச் சிந்தனையாளர் பியேர் ஜோசப் புரூதோன் டக்கருக்கு வழிகாட்டி.

இடதுசாரிகள் இவர்களைச் சந்தைக்காரர்கள் என்று ஒதுக்கினார்கள். வலதுசாரிகளோ, வட்டியையும் நிலவாடகையையும் எதிர்த்தவர்கள் என்று ஒதுக்கினார்கள். படைப்பு, சுதந்திரம், வணிகம் ஆகிய மூன்றையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவந்தவர்கள் என்பதால் இவர்கள் எனக்கு முக்கியமாகப் படுகிறார்கள். ஒருவர் தம் கையாலும் மூளையாலும் செய்ததை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது, நடுவில் நின்று கப்பம் வாங்குபவர் யார், அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்பதே அந்தக் கேள்வி.

அரசின்மைவாதம் என்றால் குண்டுவீச்சும் கலவரமும்தானே?

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1886 மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் தொழிலாளர் கூட்டம் ஒன்றின் முடிவில் குண்டு வெடித்தது. வீசியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் எட்டு அரசின்மைவாதிகள் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 1887 நவம்பர் 11 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்குப் பிறகு பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் அரசின்மைவாதி என்றால் தாடியும் கையில் குண்டும்தான்.

வாரன் வழிவந்தவர்கள் வன்முறையை ஏற்கவில்லை. கடை திறந்தார்கள், தபால் நிறுவனம் நடத்தினார்கள், பத்திரிகை போட்டார்கள். அரசு செய்யும் வேலையை அரசைவிட மலிவாகவும் நன்றாகவும் செய்து காட்டினால் மக்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்று நம்பினார்கள்.

வாரனின் ‘நேரக் கடை’ எப்படி நடந்தது?

இந்தக் கதையைத் தொடங்க வேண்டிய இடம் இந்தியானா மாநிலத்தின் நியூ ஹார்மனி. பிரிட்டனின் ஆலை முதலாளியும் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன் அங்கே 1825இல் ஒரு பொதுவுடைமைக் குடியிருப்பைத் தொடங்கினார். வாரன் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அது உடைந்துபோனது. எல்லாருடைய நலனும் ஒன்று என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொருவரின் தனித்தன்மையையும் நசுக்கப் பார்த்ததால்தான் அது உடைந்தது என்ற முடிவுக்கு வாரன் வந்தார். ஒருவர் செய்வதன் நன்மையும் தீமையும் அவரையே சேரும்படி வாழ்க்கையை அமைத்தால் சண்டைக்கு இடமே இராது என்பது அவர் கணக்கு.

1827 மே மாதம் சின்சினாட்டியில் கடை திறந்தார். சரக்கை வாங்கிய விலைச்சீட்டை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்தார். அந்த அடக்கவிலையோடு, வண்டிச்சத்தம், சேதாரம் போன்றவற்றுக்காகச் சிறு விழுக்காடு மட்டும் சேரும். இவ்வளவையும் வாடிக்கையாளர் காசாகக் கொடுப்பார். கடைக்காரரின் உழைப்புக்கு விலை தனி. சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கும். பேச்சு தொடங்கும்போது மணியைக் குறித்துக்கொள்வார், சரக்கைக் கட்டிக் கொடுத்ததும் மறுபடி பார்ப்பார். இருபது நிமிடம் ஆகியிருந்தால், வாடிக்கையாளர் தம் தொழிலில் இருபது நிமிட வேலை செய்து தருவதாக ஒரு உழைப்புச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தச்சர் தச்சு வேலைக்கு எழுதுவார், தையல்காரர் தையலுக்கு. அந்தச் சீட்டு கைமாறிக் கைமாறி நாணயம்போல் புழங்கியது.

விளைவை யாரும் ஊகிக்கலாம். பேரம் பேசி நேரத்தை வீணடிப்பது நின்றது. வேண்டியதை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு வந்தார்கள். யாருக்கு என்ன வேலை வேண்டும், யார் என்ன வேலை செய்து தர முடியும் என்று எழுதி ஒட்ட ஒரு பலகையும் இருந்தது. பெண்களின் வேலைக்கும் ஆண்களின் வேலைக்கும் மணிக்கணக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதிலும், அருவருப்பான, உடலை வருத்தும் வேலைக்குக் கூடுதலாகத் தர வேண்டும் என்பதிலும் வாரன் உறுதியாக இருந்தார். ‘அடக்கவிலையே விலையின் எல்லை’ என்ற அவருடைய சூத்திரம் இங்கேதான் நடைமுறைக்கு வந்தது.

1830 மே மாதம் கடையை மூடிவிட்டார். கடை நொடித்துப் போகவில்லை. சோதனை வெற்றி, இனி ஊர் அளவில் செய்து பார்க்க வேண்டும் என்று அவரே எடுத்த முடிவு அது.

ஊர் அளவில் செய்தாரா?

செய்தார். ஒகையோவில் 1847இல் யுடோபியா என்ற குடியிருப்பு. பிறகு 1851இல், ஸ்டீபன் பேர்ல் ஆண்ட்ரூஸ் என்பவரோடு சேர்ந்து, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் மாடர்ன் டைம்ஸ். அங்கே மனைகள் அடக்கவிலைக்கே விற்கப்பட்டன. நீதிமன்றம், போலீஸ், சிறை எதுவும் இல்லை. பொதுச் சொத்தும் இல்லை. வீடு அவரவர் வீடு, தோட்டம் அவரவர் தோட்டம்.

கட்டுப்பாடு இல்லாத ஊர் என்று பெயர் பரவியதும் விதவிதமான பிடிவாதக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். உடையே கூடாது என்று ஒருவர். உப்பில்லாத அவரையே உணவு என்று ஒரு பெண். அவர் அதிலேயே மெலிந்து இறந்துபோனதாக வாரன் எழுதியிருக்கிறார். திருமணம் தேவையில்லை என்று வாழ்ந்தவர்களைப் பற்றி நியூயார்க் பத்திரிகைகள் நாறடித்தன. வாரனுக்கு இவற்றில் பலவும் பிடிக்கவில்லை. ஆனாலும் யாரையும் வெளியேற்றச் சொல்லவில்லை. தம் செலவில், பிறருக்குத் தீங்கில்லாமல் ஒருவர் செய்து பார்க்கும் சோதனையைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்று நின்றார். தனக்குப் பிடிக்காததைப் பொறுத்துக்கொள்ளும் இடத்தில்தான் சுதந்திரத்தின் மேல் ஒருவருக்குள்ள பற்று தெரியும். வாரனை நான் மதிப்பது இதற்காகவே.

1857 நிதி நெருக்கடியும் உள்நாட்டுப் போரும் ஊரைத் தளர்த்தின. 1864இல் பெயரை பிரெண்ட்வுட் என்று மாற்றிக்கொண்டார்கள். இன்று அது சாதாரணப் புறநகர். ஆனால் ‘தனிமனிதரின் இறையாண்மை’ என்ற வாரனின் தொடரைத் தாம் எடுத்துக்கொண்டதாக ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் தம் தன்வரலாற்று நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வாரன் படைப்பாளியா, சீர்திருத்தவாதியா?

இரண்டையும் பிரிக்கவே முடியாத ஆள். 1821இல் பன்றிக் கொழுப்பில் எரியும் மலிவான விளக்குக்குக் காப்புரிமை வாங்கினார். இசைக்குப் புதிய குறியீட்டு முறை ஒன்றை உருவாக்கினார். 1833இல் நான்கு பக்க வார இதழ் ஒன்றைக் கொண்டுவந்தபோது, அச்சு எழுத்துகளைத் தாமே வார்த்தார், எந்திரத்தையும் தாமே கட்டினார். உலகின் முதல் அரசின்மைவாத இதழாகப் பலரும் கருதுவது அதைத்தான்.

பிறகு, தாள் சுருளிலிருந்து தொடர்ந்து அச்சடிக்கும் எந்திரம் ஒன்றைச் செய்தார். அந்தக் காலத்தில் தாள்களை ஒவ்வொன்றாகக் கையால் வைத்து எடுப்பதுதான் வழக்கம். 1840இல் இந்தியானாவின் எவான்ஸ்வில் ஊர்ச் செய்தித்தாள் ஒன்று அந்த எந்திரத்தில் அச்சானது. தம் வேலை போய்விடும் என்று அஞ்சிய அச்சுத் தொழிலாளர்கள் அதை ஓட விடவில்லை. வாரன் அதை எடுத்துப்போய்த் தம் கையாலேயே உடைத்தார். உழைப்பாளியின் பக்கம் நின்ற ஒருவரின் கருவியை உழைப்பாளிகளே எதிர்த்த அந்த நிகழ்ச்சியை அவருடைய ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். கட்டற்ற சந்தையில் புதுமை யாரையும் நோகடிக்காது என்று எந்த நேர்மையான மனிதரும் சொல்ல முடியாது.

ஸ்பூனர் அரசுக்குப் போட்டியாகத் தபால் நடத்தினார் என்பது உண்மையா?

உண்மை. அதற்கு முன் அவர் நடத்திய இன்னொரு சண்டையையும் சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸில் வழக்கறிஞராகக் கல்லூரிப் பட்டதாரிகள் மூன்றாண்டு பயின்றால் போதும், பட்டம் இல்லாதவர்கள் ஐந்தாண்டு பயில வேண்டும். ஸ்பூனர் பண்ணை வீட்டுப் பிள்ளை, பட்டம் இல்லை. மூன்றாண்டு முடித்ததும் விதியை மீறி அலுவலகம் திறந்தார். பணக்காரரை ஏழையின் போட்டியிலிருந்து காப்பாற்றும் விதி இது என்று சட்டமன்றத்துக்கு எழுதினார். 1836இல் அந்த விதி நீக்கப்பட்டது.

தபாலுக்கு வருவோம். 1840களின் தொடக்கத்தில் பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு தாள் கடிதம் அனுப்ப அரசுத் தபாலில் 18¾ சென்ட். கூலிவேலை செய்பவர் ஊரில் இருக்கும் தாய்க்கு ஒரு கடிதம் போடுவதே பெருஞ்செலவு. 1844 ஜனவரியில் ஸ்பூனர் ‘அமெரிக்கன் லெட்டர் மெயில் கம்பெனி’யைத் தொடங்கினார். பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் நகரங்களில் அலுவலகங்கள். தபால்தலை 6¼ சென்ட். மொத்தமாக வாங்கினால் ஒரு டாலருக்கு இருபது. ரயிலிலும் கப்பலிலும் ஆட்கள் பையோடு போய்க் கொடுத்தார்கள்.

அவர் ஒளிந்து செய்யவில்லை. அரசியல் சட்டம் நாடாளுமன்றத்துக்குத் தபால் நிலையங்களை நிறுவும் அதிகாரத்தைத் தருகிறதே தவிர, பிறர் கடிதம் கொண்டுபோவதைத் தடுக்கும் அதிகாரத்தைத் தரவில்லை என்று ஒரு சிறுநூல் எழுதி வெளியிட்டுவிட்டுத்தான் இறங்கினார். அரசு அவருடைய ஆட்களைக் கைதுசெய்தது, வழக்குப் போட்டது. 1845 மார்ச்சில் நாடாளுமன்றம் இரண்டு காரியங்களை ஒரே சட்டத்தில் செய்தது. 300 மைல் வரை கட்டணத்தை 5 சென்ட்டாகக் குறைத்தது. தனியார் தபாலுக்குத் தண்டனையைக் கடுமையாக்கியது. ஸ்பூனரின் நிறுவனம் மூடப்பட்டது. 1851இல் கட்டணம் 3 சென்ட்டுக்கு இறங்கியது.

கட்டணக் குறைப்புக்கு ஸ்பூனர் ஒருவரே காரணம் என்று சொல்வது மிகை. வேறு தனியார் தபால்காரர்களும் இருந்தார்கள். பிரிட்டனில் 1840இல் வந்த ஒரு பென்னித் தபாலின் தாக்கமும் இருந்தது. ஆனால் 18¾ சென்ட்டுக்குக் குறைத்தால் கட்டாது என்ற வாதம் பொய் என்று காட்டியவர்களில் அவர் முன்னால் நின்றார்.

இதே மனிதர்தான் அடிமை முறை அமெரிக்க அரசியல் சட்டத்துக்கே முரணானது என்று 1845இல் நூல் எழுதியவர். கடிதம் கொண்டுபோகும் உரிமையும் அடிமையின் விடுதலையும் அவருக்கு ஒரே நியாயத்தின் இரு கிளைகள்.

கட்டற்ற சந்தை என்றால் முதலாளிகளுக்கு ஆதரவு என்றுதானே பொருள்?

இன்று அப்படித்தான் காதில் விழுகிறது. டக்கர் 1888இல் தம் ‘லிபர்ட்டி’ இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் நேர்மாறாகச் சொன்னார். உழைப்பாளிக்குச் சேர வேண்டியதை வட்டி, வாடகை, இலாபம் என்ற மூன்று வழிகளில் பிறர் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் அவர் சோஷலிஸ்டுகளோடு ஒத்துப்போனார். தம்மையும் சோஷலிஸ்ட் என்றே அழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சுரண்டலுக்குக் காரணம் போட்டி மிகுந்துபோனது அன்று, போதாமல் போனது என்றார். உழைப்பாளிகளை ஒருவரோடு ஒருவர் போட்டியிட விட்டுவிட்டு, மூலதனத்தைப் போட்டியிலிருந்து அரசு காப்பாற்றுகிறது என்பது அவர் வாதம்.

நான்கு ஏகபோகங்களை அவர் எண்ணிக் காட்டினார். முதலாவதும் பெரியதும் பண ஏகபோகம். யார் வேண்டுமானாலும் வங்கி வைத்து நோட்டு வெளியிட முடியாது. 1865இல் வந்த சட்டம் மாநில வங்கிகளின் நோட்டுகள்மேல் 10 விழுக்காடு வரி போட்டு அவற்றைக் கொன்றேவிட்டது. தம் பட்டறையையோ விளைச்சலையோ ஈடாகக் காட்டி, தம்மைப் போன்றவர்களோடு சேர்ந்து வங்கி அமைக்க ஒரு கைவினைஞருக்கு உரிமை இருந்திருந்தால், வட்டி என்பது கணக்கு எழுதும் கூலி அளவுக்கு இறங்கியிருக்கும் என்று டக்கர் நம்பினார். புரூதோன் 1849இல் பாரிஸில் தொடங்கிய மக்கள் வங்கி இதே நோக்கத்தோடு எழுந்தது. குடியரசுத் தலைவர் லூயி நெப்போலியனைத் தாக்கி எழுதியதற்காக அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்ததும் அது கலைக்கப்பட்டது.

இரண்டாவது நில ஏகபோகம். தானே குடியிருக்காத, தானே உழாத நிலத்துக்கு அரசு பட்டா கொடுத்துக் காவலும் நிற்கிறது. மூன்றாவது இறக்குமதி வரி. இது உள்நாட்டு ஆலை முதலாளிக்கு நுகர்வோர் கட்டும் கப்பம். நான்காவது காப்புரிமையும் பதிப்புரிமையும்.

இந்தப் பட்டியலைப் படித்தவர் யாரும் இவர்களைப் பெருநிறுவனங்களின் வழக்கறிஞர்கள் என்று சொல்ல மாட்டார்.

பதிப்புரிமை, காப்புரிமை பற்றி இவர்கள் ஒத்த கருத்து உடையவர்களா?

இல்லை. இந்த மரபின் மிகச் சுவையான சண்டையே இதுதான்.

ஸ்பூனர் 1855இல் அறிவுச் சொத்து பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எண்ணமும் உழைப்பின் விளைவு, எனவே அது நிலத்தையும் மாட்டையும் போல உடைமை, அந்த உடைமைக்குக் கால எல்லையே கூடாது என்றார். பதினான்கு ஆண்டு, இருபத்தெட்டு ஆண்டு என்று அரசு வரம்பு கட்டுவது படைப்பாளியைக் கொள்ளையடிப்பதாகும். மகனும் பேரனும் கொள்ளுப்பேரனும் உரிமை கொண்டாடலாம். அரசையே மறுத்த ஒருவர் இப்படிச் சொன்னார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

டக்கருக்கு ஸ்பூனர்மேல் அளவற்ற மதிப்பு. ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் முழுதாக மறுத்தார். 1888 முதல் சில ஆண்டுகள் அவருடைய இதழில் இதுபற்றி நெடிய விவாதம் நடந்தது. டக்கரின் வாதம் உடைமை என்ற ஏற்பாடே ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறது. ஒரு கோடரியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு காடுகளில் பயன்படுத்த முடியாது. யாருக்கு என்று தீர்மானித்தாக வேண்டும், அதனால் உடைமை வந்தது. ஒரு பாட்டையோ சூத்திரத்தையோ ஆயிரம் பேர் ஆயிரம் ஊர்களில் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம், முதலில் பாடியவரின் பாட்டு குறைந்துபோவதில்லை. பற்றாக்குறை இல்லாத இடத்தில் அரசு சட்டத்தால் பற்றாக்குறையை உண்டாக்குகிறது. கண்டுபிடிப்பு தமக்கு மட்டும் வேண்டும் என்பவர் அதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

என் சார்பு டக்கர் பக்கம்தான், குறிப்பாகக் காப்புரிமையில். என் வீட்டில், என் இரும்பைக் கொண்டு, என் கையால் ஒரு கருவி செய்ய வேறொருவரின் அனுமதி வேண்டும் என்றால், அவருடைய உடைமை என் உடைமையைத் தின்கிறது என்றே பொருள். ஸ்பூனரின் தருக்கத்தை முழுக்க ஏற்றால், சக்கரம் செய்தவரின் வாரிசுகளுக்கு மாட்டுவண்டிக்காரர்கள் இன்றும் வாடகை கட்ட வேண்டும்.

காப்புரிமை இல்லாவிட்டால் யார் புதிதாகக் கண்டுபிடிப்பார்?

இதற்கு வரலாற்றில் நேரடியான சோதனைகள் உண்டு. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரக் காப்புரிமை 1769இல் தொடங்கியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை 1800 வரை நீட்டித்தது. கார்ன்வால் பகுதியின் சுரங்கங்கள் தண்ணீர் இறைக்க அந்த எந்திரங்களை நம்பியிருந்தன, மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கப்பமாகக் கட்டின. ஜொனாதன் ஹார்ன்புளோயர் என்ற உள்ளூர்ப் பொறியாளர் இரட்டை உருளை எந்திரம் ஒன்றைச் செய்தார். வாட்டின் காப்புரிமையைக் காட்டி நீதிமன்றத்தில் அது தடுக்கப்பட்டது.

1800இல் காப்புரிமை முடிந்தது. 1811இலிருந்து, ஒவ்வொரு சுரங்கத்து எந்திரமும் இவ்வளவு நிலக்கரிக்கு இவ்வளவு தண்ணீர் இறைத்தது என்ற கணக்கை மாதந்தோறும் அச்சிட்டுப் பொறியாளர்கள் எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். எந்திரத்தின் அமைப்பும் அதில் இருக்கும். ஒருவர் செய்த திருத்தத்தை அடுத்தவர் எடுத்துக்கொண்டு மேலும் திருத்தினார். பெரும்பாலானோர் காப்புரிமை கேட்கவே இல்லை. நல்ல கணக்குக் காட்டும் பொறியாளரைத் தேடி அடுத்த சுரங்கம் வந்தது, அதுவே வருமானம். முப்பது ஆண்டுகளில் எந்திரங்களின் திறன் பல மடங்கு உயர்ந்தது.

நெதர்லாந்து 1869இல் காப்புரிமையையே ஒழித்துவிட்டு, 1910 வரை புதிய சட்டம் கொண்டுவராமல் இருந்தது. பிலிப்ஸ் 1891இல் ஐந்தோவனில் மின்விளக்குத் தொழிலைத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். சுவிட்சர்லாந்தில் 1888 வரை முறையான காப்புரிமைச் சட்டம் இல்லை. வேதித் தொழில்முறைகளுக்கு 1907 வரை இல்லை. பாசல் நகரத்துச் சாயத் தொழில் அதற்குள் வேரூன்றிவிட்டது. பிறர் நாட்டுக் கண்டுபிடிப்பை நகலெடுத்து வளர்ந்தார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். எல்லா நாடும் நகலெடுத்துத்தான் வளர்ந்திருக்கிறது.

கோடிக்கணக்கில் செலவிட்டு ஆண்டுக்கணக்கில் சோதிக்க வேண்டிய மருந்துகளுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்துமா என்றால், எனக்குத் தயக்கம் உண்டு. கார்ன்வால் பொறியாளர் தம் எந்திரத்தைச் சுரங்கத்திலேயே சோதித்தார். மருந்தை அப்படிச் சோதிக்க முடியாது.

எழுத்தாளர் எதை வைத்துப் பிழைப்பார்?

1891 வரை அமெரிக்கா வெளிநாட்டு எழுத்தாளர்களின் பதிப்புரிமையை மதிக்கவில்லை. 1842இல் அமெரிக்கா வந்த சார்லஸ் டிக்கன்ஸ் மேடைக்கு மேடை அதைக் கண்டித்தார். அவர் கோபம் நியாயமானது என்று தோன்றும். ஆனால் அதே காலத்தில், போட்டியாளரை முந்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே, அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஆங்கிலேய எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே அச்சுத்தாள்களைப் பெற்றார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாமலே பணம் போனது. டிக்கன்ஸ் பிற்காலத்தில் அமெரிக்க மேடைகளில் தம் கதைகளைத் தாமே வாசித்துக் காட்டிப் பெரும்பணம் சம்பாதித்தார். மலிவுப் பதிப்புகள் வழியே அவரை ஏற்கெனவே படித்திருந்தவர்கள்தான் டிக்கெட் வாங்கி வந்தார்கள்.

முதலில் வெளியிடும் ஆதாயம், சந்தா, நேரடி நிகழ்ச்சி, வாசகரின் நன்றி ஆகியவைதாம் டக்கரின் ஆட்கள் காட்டிய வழிகள். பெயர் பெற்றவருக்கு இவை போதும். முதல் நூல் எழுதும் ஒருவருக்குப் போதுமா என்பதற்கு அவர்கள் தந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை.

தமிழ்நாட்டில் நூல்களை நாட்டுடைமையாக்குவது இதே கொள்கையா?

வாசகர்கள் நிச்சயம் கேட்கும் கேள்வி. முடிவு ஒன்றுபோல் தெரிந்தாலும் வழி வேறு.

பாரதி இறந்தது 1921இல். அவர் பாடல்களைத் திரைப்படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை 1940களில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றதற்காக டி.கே. சண்முகம் வழக்கைச் சந்திக்க வேண்டியிருந்தது. பாரதியின் பாட்டு ஒரு தனியாரின் சொத்தா என்று எழுந்த குரலுக்குப் பிறகு, 1949இல் ஓமந்தூரார் ஆட்சியில் உரிமை அரசின் கைக்கு வந்தது. பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டது. அதன் பிறகு பாரதி நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிட்டார்கள், எவ்வளவு மலிவாகவும் கொடுத்தார்கள்.

டக்கர் கண்ணால் பார்த்தால், சட்டத்தால் ஏகபோகத்தை உண்டாக்கிய அரசே பின்னர் மக்கள் பணத்தில் அதை விலைக்கு வாங்கி விடுவிக்கிறது. ஆனாலும் படைப்பாளியின் குடும்பத்துக்கு ஒரு தொகை, படிப்பவர்களுக்கு முழுச் சுதந்திரம் என்ற இந்த ஏற்பாட்டை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்த ஒரு வழியை டக்கர் கூட்டம் காட்டியதில்லை.

கலை இலக்கியத்தில் டக்கரின் பங்கு என்ன?

அவருடைய ‘லிபர்ட்டி’ இதழ் 1881 முதல் 1908 வரை வந்தது. சுதந்திரம் ஒழுங்கின் மகள் அன்று, தாய் என்ற புரூதோனின் வாக்கு அதன் முகப்பில் இருக்கும். 1882இல் பாஸ்டன் அரசு வழக்கறிஞர் வால்ட் விட்மனின் கவிதை நூலை ஆபாசம் என்று மிரட்டியதும் பதிப்பாளர் பின்வாங்கிவிட்டார். டக்கர் அந்த நூலை வரவழைத்து, இதோ விற்கிறேன், முடிந்தால் வழக்குப் போடுங்கள் என்று விளம்பரம் செய்தார். யாரும் போடவில்லை. துணிச்சல் அரிதாக இருந்த நேரத்தில் டக்கர் துணிந்தார் என்று விட்மன் முதுமையில் நினைவுகூர்ந்தார்.

1890இல் டால்ஸ்டாயின் குறுநாவல் ஒன்றை மொழிபெயர்த்து வெளியிட்டார். அமெரிக்கத் தபால்துறை அந்தக் கதையைத் தபாலில் அனுப்பத் தடை போட்டது. தபால் ஏகபோகத்துக்கும் எழுத்துச் சுதந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 1895இல், நவீன கலைஞர்கள் எல்லாம் சீரழிந்த மூளைக்காரர்கள் என்று மாக்ஸ் நோர்டாவ் எழுதிய நூலுக்கு மறுப்பு எழுதும்படி பெர்னார்ட் ஷாவைக் கேட்டு வாங்கி, அந்த நெடிய கட்டுரைக்காக ஒரு முழு இதழையே ஒதுக்கினார். 1908 ஜனவரியில் நியூயார்க்கில் அவருடைய புத்தகக் கிடங்கு தீக்கிரையானது. காப்பீடு இல்லை. அதோடு பிரான்சுக்குப் போய்விட்டார்.

குரோபோட்கினும் எம்மா கோல்ட்மனும் இந்தக் கூட்டமா?

இல்லை, அவர்கள் சந்தையையும் விலையையும் ஏற்காத பொதுவுடைமை அரசின்மைவாதிகள். படைப்பைப் பற்றி அவர்கள் சொன்னதும் கனமானது. வயிற்றுக் கவலை தீர்ந்தால்தான் எல்லாருக்கும் கலை கைகூடும் என்றார் குரோபோட்கின். 1911இல் கோல்ட்மனும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய பெரர் மையம் என்ற கல்விக்கூடத்தில் ஓவியர் ராபர்ட் ஹென்ரி கற்றுக்கொடுத்தார். பின்னாளில் புகழ்பெற்ற கலைஞரான மான் ரே அங்கே வந்து வரைந்தவர்.

இன்றைய லிபர்டேரியன்கள் இவர்களின் வாரிசுகளா?

அரசின் அதிகாரத்தைக் குறைத்துத் தனிமனித சுதந்திரத்தையும் சந்தையையும் முன்வைக்கும் லிபர்டேரியன்கள் பாதி வாரிசுகள். அவர்களில் ஒருவரான அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மர்ரே ராத்பார்ட் (1926–1995) ஸ்பூனரையும் டக்கரையும் கொண்டாடினார். ஆனால் 1965இல் எழுதிய கட்டுரையில், வட்டியைப் பற்றிய அவர்கள் பொருளாதாரம் தவறு என்று தள்ளினார். காத்திருப்பதற்கான விலைதான் வட்டி, எவ்வளவு வங்கி வந்தாலும் அது இல்லாமல் போகாது என்றார். இந்தப் புள்ளியில் ராத்பார்ட் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். நிலத்தில் குடியிருக்காமலே, உழாமலே உடைமை கொண்டாடலாம் என்பதையும் அவர் ஏற்றார். அங்கே நான் அவரோடு போக மாட்டேன்.

அவருக்குப் பிறகு வந்தவர்களில் பலர் நான்கு ஏகபோகங்களை மறந்து, வரியை மட்டுமே பிடித்துக்கொண்டார்கள். அரசு ஒப்பந்தத்திலும் காப்புரிமையிலும் கொழுத்த நிறுவனத்தைக் கட்டற்ற சந்தையின் சாதனை என்று பாராட்டுபவரை டக்கர் தம் இதழில் ஒரு பத்தியில் முடித்திருப்பார்.

தமிழ்நாட்டோடு ஏதேனும் தொடர்பு உண்டா?

எம்.பி.டி. ஆசார்யா. 1887இல் சென்னையில் பிறந்தவர், பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ இதழோடு தொடர்புள்ள மண்டயம் குடும்பத்தவர். லண்டன், பெர்லின் என்று அலைந்து, 1920இல் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி அமைக்கப்பட்டபோது உடனிருந்தார். மாஸ்கோவின் சர்வாதிகாரத்தைக் கண்டு அரசின்மைவாதியானார். 1935இல் பம்பாய் திரும்பி, 1954இல் அங்கேயே இறந்தார். அவர் சந்தைக்காரர் அல்லர், கூலி முறையையே எதிர்த்தவர். ஆனால் அவர் துணைநின்ற பம்பாய் ஆர்.பி. லோட்வாலாவின் நிறுவனம், அதே 1950களில் கட்டற்ற சந்தையை முன்வைத்த ‘இந்தியன் லிபர்டேரியன்’ இதழின் பக்கம் நகர்ந்தது. இரண்டு கிளைகளும் ஒரே கூரையின் கீழ் சில காலம் இருந்திருக்கின்றன.

டக்கர் கடைசிவரை நம்பினாரா?

முழுதாக இல்லை. 1911இல் தம் பழைய கட்டுரைக்கு எழுதிய பின்னுரையில், பெருநிறுவனக் கூட்டுகள் இப்போது இவ்வளவு செல்வத்தைக் குவித்துவிட்டன, ஏகபோகங்களை நீக்கிப் போட்டியைத் திறந்துவிட்டாலும் அவற்றை இனி அசைக்க முடியாது என்று எழுதினார். முப்பது ஆண்டுகள் எழுதியதன் அடித்தளத்தையே கேள்வி கேட்கும் வரி அது. 1939இல் மொனாக்கோவில் இறந்தார்.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் இவர்கள் வழி வந்ததா?

நேரடியாக வரவில்லை. எவரும் எடுத்துத் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருளுக்காக ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தபோது டக்கரைக் காட்டிப் பேசவில்லை. ஆனால் வேலை ஒத்துப்போகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் சங்க நூல்களைத் தட்டச்சு செய்து எவருக்கும் இலவசமாகத் தருவதைப் பார்த்திருந்தால் வாரன் மகிழ்ந்திருப்பார்.

ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். 1989இல் வந்த குனூ பொது உரிமம் பதிப்புரிமைச் சட்டத்தின் மீதே நிற்கிறது. மூல நிரலை எடுத்துத் திருத்தி வெளியிடுபவர் தம் திருத்தத்தையும் திறந்து வைக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்த முடிவது பதிப்புரிமை இருப்பதால்தான். டக்கரின் உலகில் அந்தச் சட்டம் இராது. நகலெடுக்க எவருக்கும் தடை இராது, ஆனால் நிரலைப் பூட்டி வைத்துக்கொள்ளும் நிறுவனத்தைத் திறக்கச் சொல்லவும் எவராலும் முடியாது. தம் கண்டுபிடிப்பைத் தமக்கு வைத்துக்கொள்ள விரும்புபவர் சொல்லாமல் இருக்கட்டும் என்று டக்கர் சொன்னபோது, சொல்லாமலே கோடிப் பேருக்கு விற்கலாம் என்ற நிலை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் பக்கம் நிற்கும் என் போன்றவர்களிடம் இதற்கு இன்னும் விடை இல்லை.